பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி:

வணக்கம் டொக்டர். எங்கள் வீடு திருகோணமலை திருக்கடலூரில். எனக்கு 27 வயது, ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவுக்கு 61, கரைவலைத் தொழில். விடிய நாலு மணிக்கு எழும்பினால் இரவு படுக்கும் வரை வாயில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலைதான். இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வாய்ப் புற்றுநோய்ப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பார்த்துவிட்டு “ம்” என்றார், அவ்வளவுதான். மாதம் எவ்வளவு காசு போகிறது என்று கணக்கு எழுதிக் காட்டினேன். “என்ர அப்பு எண்பத்திநாலு வயது மட்டும் போட்டவர், அவருக்கு என்ன வந்தது?” என்று கேட்கிறார். அப்பப்பாதான் அவருக்குப் பதினாலு வயதில் வள்ளத்தில் வைத்து முதல் வெற்றிலை மடித்துக் கொடுத்தாராம், அதைப் பெருமையாக வேறு சொல்வார். போன மாதம் கோபத்தில் அவருடைய வெற்றிலைப் பெட்டியை, அது அப்பப்பாவின் பித்தளைப் பெட்டி, ஒளித்து வைத்துவிட்டேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. கடையில் வாங்கி முந்தியை விடக் கூடப் போட்டார். இப்போது கொஞ்ச நாளாகச் சம்பல் உறைக்கிறது, மீன்குழம்பு உறைக்கிறது என்று அம்மாவோடும் சண்டை. நாலு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நான் சொல்லியே கேட்காதவர் யார் சொல்லிக் கேட்கப் போகிறார்? மனிதர்கள் உண்மையில் மனம் மாறுவார்களா, இல்லை இதெல்லாம் வீண் வேலையா?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். சம்பல் உறைக்கிறது என்று அம்மாவோடு சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் பாக்குப் போட்ட ஒருவர், அதுவும் வாழ்நாள் முழுக்க உறைப்பாகச் சாப்பிட்டுப் பழகிய மனிதர், திடீரென்று உறைப்புத் தாங்கவில்லை என்றால் அது அம்மாவின் கைப்பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. பாக்கினால் வாயின் உட்தோலுக்குக் கீழே நார் படிந்து, கன்னம் மெல்ல மெல்ல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டு போகும் ஒரு வருத்தம் இருக்கிறது, அதன் முதல் முறைப்பாடு பெரும்பாலும் இந்த எரிவுதான். பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடியது என்று நாங்கள் பயந்து பார்க்கிற நிலைகளில் அதுவும் ஒன்று. உங்கள் அப்பாவுக்கு அதுதான் என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது, அப்படிச் சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். ஆனால் இரண்டு கிழமைக்குள் ஒரு பல் வைத்தியர் அவர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். அரச ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் காசு இல்லை. தேவைப்பட்டால் அவர்களே வாய், முக, தாடை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார்கள்.

இதைத்தான் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வெற்றிலையை விடுவது ஒரு வேலை, வாயைக் காட்டுவது இன்னொரு வேலை. இரண்டையும் நீங்கள் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள், அதனால் அவருக்கு ஆஸ்பத்திரி என்றாலே “அங்க போனா விடச் சொல்லுவினம்” என்றாகிவிட்டது. விடாமலே வந்து காட்டலாம். வாய் சிவக்க வந்து கதிரையில் இருக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், கொப்பளிக்கச் சொல்லிவிட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

சரி, இனி மனம் மாறுகிற விஷயத்துக்கு வருவோம். அதற்கு முன் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் என் அறைச் சுவரில், கதிரைக்கு நேர் எதிரே, நோயாளியின் கண்ணுக்குத் தப்பாத இடத்தில், வாய்ப் புற்றுநோய்ப் படங்களைப் பெரிதாக அச்சடித்து ஒட்டி வைத்திருந்தேன். கன்னம் ஓட்டையானது, நாக்கு அழுகினது, எல்லாம் கலரில். பார்த்தால் பயந்து விட்டுவிடுவார்கள் என்று கணக்கு. ஒருநாள் வயதான சம்மாட்டி ஒருவர், உங்கள் அப்பா மாதிரிக் கரைவலைக்காரர், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் வழக்கம்போல இது வரும் அது வரும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “டொக்டர், நீங்க எனக்கு வருத்தம் பாக்கிறீங்களா, வழக்குப் போடுறீங்களா?” அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அன்று யோசித்துப் பார்த்தேன், அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போன எத்தனை பேர் இரண்டாம் தடவை வந்தார்கள் என்று. பதில் எனக்குப் பிடிக்கவில்லை. படங்களைக் கழற்றினேன், ஆனால் உடனே இல்லை. கழற்ற எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. ஏனென்றால் கழற்றினால் இவ்வளவு நாளும் நான் செய்தது பிழை என்றாகிவிடுமே. அப்பாவைப் பற்றிக் கோபம் வரும்போது இந்தப் படித்த டொக்டரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் தெரியவில்லை என்று நினைத்துத்தான் நீங்கள் படம் அனுப்புகிறீர்கள். தங்கச்சி, அவருக்குத் தெரியும். இந்த நாட்டில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாயும் அதைச் சார்ந்த இடங்களும்தான் முன்னுக்கு நிற்கின்றன. கடற்கரையில் அவரோடு வலை இழுத்தவர்களில் யாராவது ஒருவர் கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததை அவர் தன் கண்ணாலேயே பார்த்திருப்பார். அது உங்கள் வாட்ஸ்அப் படத்தை விடப் பெரிய படம். தெரிந்துகொண்டேதான் போடுகிறார். அப்படியானால் அவர் மனதுக்குள் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் “விடு” என்கிறார், மற்றவர் “இதை விட்டா எனக்கு என்ன இருக்கு” என்கிறார். நீங்கள் போய் முதல் ஆளின் வசனங்களை எல்லாம் எடுத்துப் பேசிவிட்டால், அப்பாவுக்குப் பேச மிச்சம் இருப்பது இரண்டாவது ஆளின் வசனம் மட்டும்தான். அவர் அதைப் பேசுகிறார். பேசப் பேச அவர் காதிலேயே அது விழுகிறது, அவரே அதை இன்னும் நம்புகிறார். “என்ர அப்புவுக்கு என்ன வந்தது” என்ற வாதத்தை அவர் வாயில் வைத்தது, கோபிக்காதீர்கள், பாதி நீங்கள்தான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை செய்கிறவர், நோர்வேயில் இளம் உளவியலாளர்கள் சிலருக்குத் தான் நோயாளிகளோடு எப்படிக் கதைக்கிறார் என்று நடித்துக் காட்டியபோது, அவர்கள் சும்மா இருக்காமல், “ஏன் இப்போ இதைக் கேட்டீர்கள், ஏன் மற்றதை விட்டீர்கள்” என்று இடையிடையே மறித்துக் கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்லப் போய்த்தான், தான் என்ன செய்கிறேன் என்பது அவருக்கே தெளிவாகியிருக்கிறது. மாற வேண்டிய காரணத்தை மருத்துவர் சொல்லக் கூடாது, நோயாளி வாயிலிருந்து அது வரும்படி கேட்க வேண்டும். 1983இல் அதைக் கட்டுரையாக எழுதினார், பிறகு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து 1991இல் புத்தகமாகவும் போட்டார்கள். இன்று குடி, சிகரெட், சீனி வருத்தம் என்று எத்தனையோ கிளினிக்குகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். நான் இதைக் கற்றுக்கொண்டது படங்களைக் கழற்றிய பிறகுதான்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம், நானே என்னைத் திருத்திக்கொண்டது. கொஞ்சக் காலம் நான் எல்லோரிடமும், “உண்மையைச் சொன்னால் மனிதர்கள் பிழையை இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள், ஆகவே உண்மையைச் சொல்லாதீர்கள்” என்கிற மாதிரிக் கதைத்துத் திரிந்தேன். 2010இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு அப்படித்தான் காட்டியது, அது எனக்கு மிகவும் பிடித்தும் இருந்தது. பிறகு வேறு இருவர் பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்து, ஐம்பதுக்கு மேற்பட்ட விஷயங்களில் சோதித்துப் பார்த்து 2019இல் எழுதினார்கள், அப்படி எதிர்ப்பக்கம் பாய்வதைக் கிட்டத்தட்ட எங்குமே காணவில்லை. திருத்தம் சொன்னால் பொதுவாக மனிதர்கள் அந்தத் தகவலை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே நீங்கள் சொன்னதெல்லாம் வீணாகவில்லை, அப்பாவின் தலைக்குள் அது போய் இருக்கிறது. ஆனால் தகவலை ஏற்பது ஒன்று, நாளைக்கு விடிய நாலு மணிக்குக் கை பெட்டியைத் தேடாமல் இருப்பது வேறொன்று. நீங்கள் முதலாவதை வென்றுவிட்டு இரண்டாவதும் தானாக வரும் என்று காத்திருக்கிறீர்கள்.

அது ஏன் தானாக வராது என்றால், அந்த வெற்றிலை அவருக்குச் சில வேலைகள் செய்து கொடுக்கிறது. விடிய எழும்பினால் நித்திரையை முறிக்கிறது, பாக்கும் புகையிலையும் சேர்ந்தால் உடம்பில் ஒரு சூடு வருகிறது, பசி தள்ளிப் போகிறது. சுண்ணாம்பு சும்மா நிறத்துக்கு இல்லை, பாக்கின் சத்தை இழுத்து இரத்தத்தில் வேகமாக ஏற்றுகிறது. இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆள் நின்று மணிக்கணக்காக வலை இழுக்கும்போது இடையில் பெட்டி கை மாறும், அதில் ஒரு சிரிப்பு, ஒரு வசை, ஒரு ஊர்க்கதை. வாடியில், அந்தக் கடற்கரைக் கொட்டிலில், வந்தவனுக்குத் தேத்தண்ணீர் இல்லாவிட்டாலும் ஒரு வாய் வெற்றிலை உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு “புற்றுநோய் வரும்” என்று மட்டும் சொன்னால், நீங்கள் அவர் இழக்கப் போவதைப் பார்க்கவே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, இதுதான் நான் நினைக்கிறேன் உங்கள் வீட்டில் முக்கியம். முதல் வெற்றிலையை மடித்துக் கொடுத்தது அவருடைய அப்பா. பதினாலு வயதுப் பொடியனை அன்று வள்ளத்தில் ஆளாக ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் “இது விஷம்” என்று சொல்லும்போது அவருக்குக் கேட்பது “உங்கட அப்பா உங்களுக்கு விஷம் தந்தவர்” என்பது. போதாததற்கு அந்தப் பெட்டியையே ஒளித்தும் வைத்துவிட்டீர்கள்! மூன்று நாள் கதைக்காமல் இருந்தது வெற்றிலைக்காக என்று நினைத்தீர்களா?

மானம் போகிற இடத்தில் எவ்வளவு படித்தவனும் மாற மாட்டான். எங்கள் தொழிலிலேயே அதற்கு ஒரு கதை உண்டு. வியன்னாவில் செம்மெல்வைஸ் என்று ஒரு மருத்துவர். அவருடைய பிரசவ வார்டில் 1847 ஏப்ரலில் நூறு தாய்மாரில் பதினெட்டுப் பேர் அளவில் பிரசவக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவர்களும் மாணவர்களும் பிரேதம் அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்க்கிறார்கள், அந்தக் கைதான் காரணம் என்று ஊகித்து, மே மாதத்திலிருந்து குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஜூனில் சாவு நூற்றுக்கு இரண்டு அளவுக்கு இறங்கிவிட்டது. இதைவிடத் தெளிவான ஆதாரம் வேறு என்ன வேண்டும்? ஆனாலும் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. காரணங்கள் பல சொன்னார்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: ஏற்றால், இவ்வளவு காலமும் அந்தத் தாய்மாரைக் கொன்றது என் கை. செம்மெல்வைஸும் பொறுமைசாலி இல்லை. பிற்காலத்தில் எதிர்த்தவர்களைக் கொலைகாரர் என்று திட்டிப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். 1865இல் மனநோய் விடுதியில் செத்துப்போனார், ஊர் கை கழுவத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவர் சொன்னது முழுக்கச் சரி, தங்கச்சி. நீங்கள் சொல்வதும் முழுக்கச் சரி.

அப்போ என்ன செய்வது? முதலில் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். மன்னிப்புக் கேட்டுக் கொடுங்கள். “விடுறீங்கள் எண்டா தாறன்” என்று பேரம் பேச வேண்டாம். ஒன்றைச் செய்யாதே என்று தடுத்தால் அதைச் செய்கிற உரிமைக்காகவே மனிதன் அதைச் செய்வான். இதை 1966இல் ஜாக் பிரெஹ்ம் என்ற உளவியலாளர் ஒரு கோட்பாடாகவே எழுதினார், ஆனால் உங்களுக்குக் கோட்பாடு தேவையில்லை, பெட்டி ஒளித்த பிறகு அப்பா கடையில் வாங்கிக் கூடப் போட்டாரே, அதுதான் இது. பெட்டி திரும்பி வந்தால் அந்தச் சண்டை முடிந்துவிடும், அவர் உங்களோடு மோதுவதை விட்டுத் தன்னோடு மோதத் தொடங்கலாம்.

அதன் பிறகு ஒரு நாள், அம்மா இல்லாத நேரமாகப் பார்த்து, கேளுங்கள். சொல்லாதீர்கள், கேளுங்கள். “அப்பா, அப்பப்பா முதல் வெத்திலை தந்த கதையைச் சொல்லுங்கோ” என்று தொடங்கினாலும் நல்லது. அவர் சொல்லுவார், சந்தோஷமாகச் சொல்லுவார். இடையில் நீங்கள் புற்றுநோயைக் கொண்டுவந்து செருகக் கூடாது, நாக்கைக் கடித்துக்கொண்டு இருங்கள். பிறகு, “அதில உங்களுக்குப் பிடிக்காதது ஏதும் இருக்கா?” என்று கேளுங்கள். ஆசிரியை என்பதால் உங்களுக்கு இது கஷ்டம், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலையும் நீங்களே சொல்கிற பழக்கம் உங்கள் தொழிலில் உண்டு (எங்கள் தொழிலிலும்தான்). பேசாமல் இருங்கள். ஒரு நிமிடம் போனாலும் பரவாயில்லை.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் கதிரையில் இருந்தவர்கள் சொன்னவை இப்படி இருந்தன: “பேத்தி கொஞ்ச வந்தா மணக்குது எண்டு முகத்தைத் திருப்புது.” “வெள்ளைச் சாரம் உடுக்கேலாது.” “கோயிலுக்குப் போனா துப்ப இடம் தேட வேண்டிக் கிடக்கு.” சாவுக்குப் பயந்து விட்டவர்கள் உண்டு, ஆனால் நான் பார்த்த வரையில் பேத்தி முகத்தைத் திருப்பியதற்காக விட்டவர்கள்தான் கூட. மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், முப்பது வருடம் போட்டவர், அந்த ஒரு காரணத்துக்காகவே விட்டார், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குச் சின்னதாகத் தெரிகிற காரணம் அவர்களுக்குச் சின்னது இல்லை.

உங்கள் அப்பாவிடம் அப்படி ஒரு காரணம் ஏற்கெனவே இருக்கிறது, வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. சம்பல் உறைக்கிறது. மீன்குழம்பு உறைக்கிறது. அது அவருடைய முறைப்பாடு, அவருடைய வாயிலிருந்து வந்தது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். “அப்பா, முந்தி மாதிரி உறைப்பாச் சாப்பிடேலாமல் இருக்கிறது உங்களுக்கு எப்பிடி இருக்கு?” என்று கேளுங்கள். “கொம்மா தூள் கூடப் போடுறா” என்றால் மறுக்காதீர்கள், “அப்பிடியும் இருக்கலாம், ஒருக்கா வாயைக் காட்டிப் பாப்பமா, வெத்திலைக் கதை வேண்டாம், எரிவுக்கு மட்டும்” என்று சொல்லுங்கள். பொய் சொல்லிக் கூட்டிவர வேண்டாம். பல் கழற்றப் போகிறோம், கண் பார்க்கப் போகிறோம் என்று ஏமாற்றிக் கூட்டிவருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அந்த அப்பாமார் என்னிடம் வாயைத் திறப்பார்கள், பிள்ளையிடம் திறக்க மாட்டார்கள்.

அவர் கொஞ்சம் இளகினால் ஒரு சின்ன வித்தை. “பத்துக்குப் போட்டா, விட வேணும் எண்டு எவ்வளவு இருக்கு?” என்று கேளுங்கள். “மூண்டு” என்பார். உங்களுக்கு உடனே வருகிற கேள்வி “ஏன் மூன்று மட்டும்?” என்பது. அதைக் கேட்டால் விடாமல் இருப்பதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்லுவார். அதை விட்டு, “ஏன் ஒண்டு இல்லை?” என்று கேளுங்கள். இப்போது விட வேண்டிய காரணங்களை அவர் தேடித் தேடிச் சொல்ல வேண்டி வரும்.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், நீங்களும் அதை நம்பித்தான் இரண்டு வருடம் அடித்திருக்கிறீர்கள். அம்மிக்கு வாய் இல்லை, திருப்பிச் சொல்லாது, அதனால் நகர்ந்தது.

வீட்டை விட்டு வெளியே வருவோம். நீங்கள் அப்பாவைத் தனி ஆளாகப் பார்க்கிறீர்கள், ஆனால் அவர் வெற்றிலை போடுவது பெரும்பாலும் கூட்டத்தோடு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் நல்ல இறைச்சி தட்டுப்பாடாகி, இதயம், சிறுநீரகம் போன்றவற்றை வீட்டில் சமைக்கும்படி பெண்களைச் சம்மதிக்க வைக்க அரசு படாதபாடு பட்டது (நமக்கு ஈரலும் குடலும் கறி, அவர்களுக்கு அது அருவருப்பு). கர்ட் லெவின் என்ற உளவியலாளர் சில குழுக்களுக்கு நல்ல விரிவுரை வைத்தார், சத்து, தேசபக்தி, சமையல் குறிப்பு எல்லாம் சேர்த்து. வேறு சில குழுக்களை, “இதை எங்களைப் போன்ற பெண்கள் சமைக்க என்ன தடை” என்று தங்களுக்குள்ளேயே பேசி முடிவெடுக்க விட்டார். விரிவுரை கேட்டவர்களில் நூற்றுக்கு 3 பேர் சமைத்தார்கள். தாங்களே பேசியவர்களில் 32 பேர். உங்கள் வாட்ஸ்அப் படங்கள் விரிவுரை. வாடியில் இருக்கிற ஐந்து பேர் தங்களுக்குள், “டேய், எனக்கும் உறைக்குதடா” என்று பேசிக்கொண்டால் அது இரண்டாவது வகை. அப்பாவோடு இழுக்கிறவர்களில் ஏற்கெனவே விட்டவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள், நிச்சயம் ஒருவர் இருப்பார். அவரிடம் நீங்கள் போய், “அப்பாக்குப் புத்தி சொல்லுங்கோ” என்று கேட்க வேண்டாம், அது ஊர் முழுக்கத் தெரிந்து அப்பாவுக்கு இன்னொரு மானக்கேடாகிவிடும். அவர் எப்படி விட்டார், முதல் கிழமை எப்படி இருந்தது என்று அப்பாவே கேட்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால் போதும். வராவிட்டால் விடுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் கரைவலை இல்லை, வாடி காலி, கூட்டம் கலைந்துவிடும். விடிய நாலு மணிக்கு எழும்பவும் தேவையில்லை. பழக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிற கொழுக்கிகள் பாதி அந்த மாதங்களில் தானாகக் கழன்றுவிடுகின்றன. கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையே பாதையில், அந்த மிதவைப் படகில், ஏறிப் போன காலம் உங்களுக்கும் நினைவிருக்கும், வரிசையில் நின்று, வெயிலில் காய்ந்து. 2009இல் 396 மீற்றர் பாலம் வந்த பிறகு “பாதையை விடுங்கள்” என்று யாருக்காவது பிரசாரம் செய்தார்களா? வழி இலகுவானால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். அப்பாவுக்கும் வழியை இலகுவாக்க வேண்டும், வாயில் போட வேறு ஏதாவது, கராம்பு, ஏலக்காய், பெருஞ்சீரகம், பெட்டியின் ஒரு அறைக்குள் வைத்துவிடுங்கள். சொல்லாமல் வையுங்கள்.

அவர் விடத் தொடங்கினால் எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி வரும். ஒரேயடியாக விடுகிறவர்கள் உண்டு. முடியாவிட்டால் முதலில் புகையிலை, பிறகு பாக்கு. ஆனால் இங்கே ஒளிவுமறைவு கூடாது, “புகையிலையை விட்டிட்டன், இனிப் பயமில்லை” என்று நினைத்துவிடக் கூடாது, ஏனென்றால் பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004இல் எழுதி வைத்துவிட்டது, புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும். கன்னம் இறுகுவதும் பாக்கால்தான். வெற்றிலை இலை மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கல்யாணத் தட்டில் வெற்றிலை இருக்கட்டும், பெரியவர் காலில் விழும்போது வைத்துக் கொடுக்கட்டும், அப்பப்பாவின் பெட்டியில் பச்சையாக நாலு இலை எப்போதும் இருக்கட்டும். அப்பா தன் அப்பாவை விடாமலே பாக்கை விட முடியும் என்பதுதான் நீங்கள் அவருக்குக் காட்டக்கூடிய வாசல். “அப்பு காலத்தில பாக்கு வேற, இப்ப வாறது வேற” என்று அவர் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னாலும் திருத்தாதீர்கள்! அவர் சொல்வது விஞ்ஞானப்படி பிழையாக இருக்கலாம், அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கி வருகிறாரா இல்லையா என்று மட்டும் பாருங்கள்.

விட்ட பிறகு திரும்பப் போடுவார். இதை முன்கூட்டியே எதிர்பாருங்கள், ஒரு செத்த வீட்டிலோ, கடல் திறந்து முதல் நாள் வலை வளைக்கும்போதோ. சிகரெட் விடுகிறவர்களை ஆராய்ந்த புரொச்சாஸ்கா, டிகிளெமென்டி என்ற இருவர் 1983இலேயே எழுதினார்கள், மாறுவது ஒரே நேர் ரோட்டில் நடக்காது, ஆட்கள் யோசித்து, தொடங்கி, விழுந்து, திரும்ப யோசித்து, இப்படிச் சுற்றித்தான் வருகிறார்கள் என்று. அன்று நீங்கள் “பாத்தீங்களா, எனக்குத் தெரியும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆறு மாத வேலை போய்விடும். “இவ்வளவு நாள் எப்பிடி இருந்தீங்கள்?” என்று கேளுங்கள்.

மனிதர்கள் மாறுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். மாறுகிறார்கள், என் கதிரையில் பார்த்திருக்கிறேன். மாறாமலே போனவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களின் பிள்ளைகள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார்கள். அது உங்கள் கையில் முழுதாக இல்லை. உங்கள் கையில் இருப்பது அந்த எரிவை ஒருவர் பார்க்க வைப்பது.

அதற்கு முன் வீட்டில் ஒன்று பார்க்கலாம். அவருடைய மூன்று விரல்களை, சுட்டு விரல், நடு விரல், மோதிர விரல், ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் முன்பற்களுக்கு இடையில் வைக்கச் சொல்லுங்கள், விளையாட்டுப் போல நீங்களும் செய்யுங்கள், அம்மாவும் செய்யட்டும். உங்கள் இரண்டு பேருக்கும் போய் அவருக்கு மட்டும் போகவில்லை என்றால் இரண்டு கிழமை கூடக் காத்திருக்க வேண்டாம், அடுத்த கிளினிக் நாளிலேயே போங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, இவை இருந்தாலும் அப்படித்தான்.

போகும்போது அவர் பெட்டியையும் கொண்டு போகட்டும். என்ன பாக்கு, என்ன புகையிலை, எந்தக் கன்னத்தில் அடக்குகிறார் என்று பார்க்கிற வைத்தியருக்கு அது உதவும், அதை எடுத்துக் காட்டி விளக்குவது அவருக்கும் பிடிக்கும். அதற்குப் பெட்டி அவர் கையில் இருக்க வேண்டுமே, எங்கே வைத்திருக்கிறீர்கள், அலுமாரிக்கு மேலேயா?